இரண்டாவது படம் எடுக்கும் வரை

அன்பர்களே, ஒன்று கேட்கிறேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். உங்களிடம் ஒப்படைத்த வேலையைச் சொன்னது சொன்னபடியே, இம்மியும் பிசகாமல், ஒருநாளேனும் செய்ததுண்டா? இல்லையென்றால் தலைகுனியுங்கள். செய்து காட்டியவர்கள் மூவர் இருக்கிறார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனி. அதன் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர் பொன்னுரங்கம். அவருக்குக் கீழே சடையப்பனும் தாமோதரனும். இனி எவரும் காகிதத்தில் விடுப்புக் கேட்கக் கூடாது, புதிய விடுப்பு மென்பொருளில்தான் கேட்க வேண்டும் என்று முதலாளி உத்தரவிட்டார். அதை எல்லா மெஷின்களிலும் ஏற்றும் பொறுப்பு இம்மூவரையும் வந்தடைந்தது.

ஒவ்வொன்றாக ஏற்றினால் மாதக்கணக்காகும். ஆகவே, மென்பொருளைப் பொட்டலம் கட்டுவதற்கென்றே ஒரு கருவி வாங்கப்பட்டிருந்தது. அது செய்வது எளிய காரியம். முதலில் ஒரு மெஷினைப் படம் பிடித்துக்கொள்ளும். பிறகு வேண்டிய மென்பொருளை அந்த மெஷினில் நாம் ஏற்ற வேண்டும். மறுபடியும் ஒரு படம் பிடிக்கும். இரண்டு படங்களுக்கும் நடுவே எதெல்லாம் புதிதாக வந்ததோ, அதையெல்லாம் பொட்டலமாகக் கட்டி மற்ற மெஷின்களுக்கு அனுப்பிவிடும்.

கருவியை நிறுவுவதற்கே முற்பகல் போயிற்று. ‘நிபந்தனைகளைப் படித்து ஏற்கிறேன்’ என்ற இடத்தில், படிக்காமல் அமுக்குவது பொய் என்று தாமோதரன் மறுத்துவிட்டார். மூவரும் உரக்கப் படித்தார்கள்.

“எந்தச் சேதத்துக்கும் கருவியை வித்தவிய பொறுப்பில்லைங்கறாங்க சார். அப்ப யாருங்க பொறுப்பு?” என்றார் சடையப்பன்.

“நான்தான்,” என்று பொன்னுரங்கம் திரையைப் பார்த்து வாக்குக் கொடுத்தார். திரை மறுப்புச் சொல்லவில்லை. அமுக்கினார்கள்.

அந்நேரம் பார்த்து ஸ்டோர்ஸ் கோகிலவாணி, பாதி தின்ற முறுக்கோடு உள்ளே வந்தாள்.

“நாளைக்குக் கோபிசெட்டிபாளையத்துல என் தங்கச்சிக்கு நிச்சயமுங்க சார். அம்மா இல்லாத ஊடு. தட்டு நான்தான் மாத்தோணும். உங்க சாப்ட்வேர் வந்தாத்தான் லீவுங்கறாங்க. இன்னைக்கு வந்துருமுங்களா?”

“இதோ,” என்று பொன்னுரங்கம் முதல் படத்துக்கான பொத்தானை அமுக்கினார். அமுக்கிய பிறகுதான் கையேட்டின் அடுத்த வரியைப் படித்தார்: ‘இரண்டாவது படம் எடுக்கும் வரை வேறு எதுவும் மாறக் கூடாது.’

“யாரும் அசையாதீங்க,” என்றார். “அம்மிணி, நீங்களும்தான்.”

“மெஷினைத்தானே படம் எடுத்தீங்க? நான் எதுக்குங்க நிக்கோணும்?”

“எதுவும்னு போட்டிருக்குதுங்க. எதுவும்னா நீங்களும் சேர்த்திதான்.”

சடையப்பனின் உதட்டில் டீ கிளாஸ் இருந்தது. “குடிக்கலாமுங்களா சார்?”

“குடிச்சாக் கொறையும். அது மாற்றம்.”

“குடிக்காட்டி ஆறிப்போயிருமுங்களே.”

பொன்னுரங்கம் கண்ணை மட்டும் கையேட்டில் ஓட்டினார். “ஆறுறது டீ தானாப் பண்றது. அது நம்ம கணக்குல வராது.”

மின்விசிறி அசைகிறதே, நிறுத்த வேண்டாமா என்று தாமோதரன் கேட்டார். படம் எடுத்தபோதே அது சுற்றிக்கொண்டிருந்ததால், நிறுத்துவதுதான் மாற்றம் என்று தீர்ப்பாயிற்று. இத்தகைய நேர்மையை இக்காலத்தில் வேறெங்கே காண்கிறோம்?

“ஏனுங்க, அப்ப லீவு சாப்ட்வேரை யாரு ஏத்தறது?” என்றாள் கோகிலவாணி.

“ஏத்தறதுன்னா அசையோணுமுங்களே,” என்றார் தாமோதரன்.

“உங்க மூணு பேரையும் பொருட்காட்சியில வெச்சு டிக்கெட் போட்டா நல்லா வசூலாகும்,” என்று சொல்லி, முறுக்கை மேசைமேல் வைத்துவிட்டு அவளே ஏற்றினாள். ஏறியதும் அது பெயர் கேட்டது, அப்போதே நிரப்பிவிட்டாள். பெயர் கோகிலவாணி, நாள் நாளை, காரணம் கோபியில் தங்கை நிச்சயதார்த்தம். அனுப்புவதை ஸ்டோர்ஸில் தன் மெஷினிலிருந்து செய்துகொள்ளலாம் என்று விட்டாள். தலையைத் திருப்பக் கூடாதாகையால் மூவரும் இதைப் பார்க்கவில்லை. இரண்டாவது படத்தையும் அவளே எடுத்தாள். சடையப்பன் ஆறின டீயைக் குடித்தார்.

பொட்டலம் எல்லா மெஷின்களுக்கும் போயிற்று. இரண்டு படங்களுக்கு நடுவே வந்த அத்தனையும் அதில் இருந்தது, கோகிலவாணியின் விண்ணப்பம் உட்பட.

கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தது. “ஏனுங்க பொன்னுரங்கம், எம் மெஷின்ல எம் பேரு கோகிலவாணின்னு வருதுங்க. எனக்கு மீசை இருக்குதுங்க.”

பொன்னுரங்கம் கையேட்டில் பழுதுபார்க்கும் பக்கத்தை விரித்தார். “தெறக்குதுங்களா?”

“தெறக்குது.”

“பேரு வருதுங்களா?”

“நான் அடிக்காமயே வருது.”

“அனுப்புனாப் போகுதுங்களா?”

“போகுது.”

“அப்பறம் என்னங்க? பழுதே இல்லை.”

எல்லாரும் அனுப்பினார்கள். முதலாளியின் திரையில் ஒரே பெயர் வரிசையாக வந்து விழுந்தது. “பாவம், அந்தப் புள்ள எத்தனை தடவைதான் கேக்கும்,” என்று மனமிரங்கி அத்தனைக்கும் அனுமதி தந்தார். அனுப்பிய அத்தனை பேருக்கும் மறுநாள் விடுப்பாயிற்று. கடைசியாகக் கோகிலவாணி தன் மெஷினில் அனுப்பியபோது, ‘ஓய்வுபெறும் வரை இப்பெயருக்கு விடுப்பு மீதமில்லை’ என்று வந்தது.

மறுநாள் கம்பெனி முழுவதும் கோபி மண்டபத்தில் கூடியிருந்தது. நிச்சயதார்த்தம் என்று காரணம் காட்டி விடுப்பு எடுத்துவிட்டு வீட்டில் படுத்திருப்பது பாவமல்லவா? தட்டு மாற்றும் நேரம் வந்தது. அக்காளைக் காணோம்.

“கம்பெனி கணக்குப்படி இன்னைக்கு நான்தானுங்க கோகிலவாணி,” என்று பொன்னுரங்கம் தட்டை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளையின் தாய்மாமன் கையை நீட்டினார். போட்டோகாரர் ஒரு படம் எடுத்தார்.

“சார்,” என்றார் தாமோதரன் மெதுவாக. “முதல் படமுங்க.”

“யாரும் அசையாதீங்க,” என்றார் பொன்னுரங்கம். கம்பெனியே அசையாமல் நின்றது. அதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டாரும், இது பெண் வீட்டு வழக்கம் போலும் என்று நின்றார்கள். போட்டோகாரர் மட்டும் சாப்பிடப் போய்விட்டார்.

கம்பெனியில் தனியாக உட்கார்ந்திருந்த கோகிலவாணி, தன்னைத் தடுப்பதற்கும் ஆளில்லை என்பதை உணர்ந்து, பஸ் பிடித்து மண்டபத்துக்குள் ஓடிவந்தாள்.

“நல்லவேளை, இன்னும் தட்டு மாத்தலை. குடுங்க சார், நான் மாத்தறேன்.”

பொன்னுரங்கம் உதடு அசையாமல் சொன்னார்: “முடியாதுங்க அம்மிணி. முதல் படத்துல நீங்க இல்லை.”

அன்பர்களே, நாளை என்று தள்ளிப்போடாதீர்கள். உங்களில் கேமரா வைத்திருப்பவர் எவராயினும் இன்றே, இப்போதே கோபிக்குப் புறப்படுங்கள். போட்டோகாரர் உண்ட களைப்பில் தூங்கிவிட்டார். தட்டில் ஒரு சீப்புப் பழமும் தேங்காய்களும் இருக்கின்றன. பொன்னுரங்கத்துக்கு மூக்கு அரிக்கத் தொடங்கிவிட்டது.