கிரேன் மேல் கட்டிய கூடு

வெள்ளையப்பன் என்ற காகமும் அவன் மனைவி பேச்சியும் ஒரு விளக்குக் கம்பத்தின் மேல் ஒட்டி உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். கன்னங்கரேலென்று இருந்தவனுக்கு வெள்ளையப்பன் என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. இருவரும் தூத்துக்குடித் துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். இப்போது இருப்பதோ கடல் கடந்த ஒரு குளிர்ப் பட்டினம். அதன் பெயர் இன்னும் அவர்கள் வாயில் நுழையவில்லை.

அவர்களாக ஆசைப்பட்டு வரவில்லை. வெங்காயம் ஏற்றிய ஒரு கப்பலில் சமையல்காரர் மீன் தலைகளைக் கொட்டினார். அதைத் தின்ற மயக்கத்தில் இருவரும் கொடிக்கம்பத்து நிழலில் கண்ணயர்ந்தார்கள். விழித்துப் பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர்!

ஒரு மாதம் கழித்துக் கப்பல் இங்கே நின்றது. இரை தேடி இறங்கியவர்களை மூடுபனி வழிமறித்தது. ஒரு கூரையில் இரண்டு நாள் முடங்கிக் கிடந்துவிட்டுத் திரும்பினால், கப்பலைக் காணோம்.

பேச்சி அழுதாள்.

"அழாதேளா! போன கப்பல் திரும்ப வராமலா போயிரும்? வந்ததும் ஏறிருவோம்!" என்றான் வெள்ளையப்பன். அவனுக்கும் அழுகைதான். ஆண்பிள்ளை என்று அடக்கிக்கொண்டான்.

அப்போது ஒரு கடற்புறா பக்கத்தில் வந்து இறங்கினாள். உரத்த குரல், பெரிய மஞ்சள் அலகு.

"புதுசா வந்தவங்களா? நான் மார்த்தா. ஊருக்குள்ள வாங்க! ரொட்டிக்கடைப் பின்வாசல்ல காலையில தூள் கொட்டுவாங்க. பூங்காக் குளத்துல வாத்துங்க இருக்காங்க, நல்ல சனங்க!"

"பேரு மட்டும் நம்ம ஊர்ப் பேரா இருக்கே!" என்று பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

வெள்ளையப்பன் சிரிக்கவில்லை. "நாங்க இங்க இருக்கறதுக்கு வரல. அடுத்த கப்பல்ல போயிருவோம்!" என்றான்.

அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் அவனிடம் அந்த ஒரே பதில்தான். ரொட்டி தின்கிறாயா? அடுத்த கப்பலில் போய்விடுவோம். குளத்தைப் பார்க்க வருகிறாயா? அடுத்த கப்பலில் போய்விடுவோம். பொழுது விடிந்ததும் பழைய கப்பல் மேடைக்குப் போய் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பான். பேச்சி கொண்டுவரும் ரொட்டித் துண்டை முகம் சுளித்து விழுங்குவான்.

பேச்சி ஊருக்குள் போனாள். முதலில் பசிக்காகப் போனாள். பிறகு பார்ப்பதற்காகவே போனாள். டிராம் வண்டி வரும்போது கம்பி எப்படி அதிரும் என்று தெரிந்துகொண்டாள். ரொட்டிக்கடைப் புகைபோக்கியின் ஓரம் கதகதப்பாக இருக்கும் என்று கண்டுபிடித்தாள். வாத்துகளின் பேச்சு பாதி புரிந்தது. மீதியைத் தலையாட்டிச் சமாளித்தாள்.

"ஏங்க, ஒரு தடவை வந்து பாருங்களேன். குளத்துல தண்ணி உறைஞ்சு கண்ணாடி மாதிரி கிடக்கு. வாத்துங்க அதுல வழுக்கி விழுந்து எந்திரிக்கறதப் பார்த்தா வயிறு வலிக்கச் சிரிப்பீங்க!"

"அங்க எனக்கு என்ன இருக்கு?" என்று சீறினான் வெள்ளையப்பன். "நம்ம ஊர்ல அமாவாசைக்கு வீட்டுக்கு வீடு நம்மளக் கூப்பிட்டுச் சோறு வைப்பாங்க. நாம கொத்துன பெறகுதான் அவங்க எலையில உக்காருவாங்க. அங்க நான் ஒவ்வொரு வீட்டுக்கும் தாத்தா, பூட்டன்! இங்க? வெறும் காக்கா!"

சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. பேச்சிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவன் கழுத்து இறகுகளை மெல்லக் கோதிவிட்டாள். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

குளிர் குறைந்தது. மரங்கள் துளிர்த்தன. ஒரு நாள் பேச்சி வெட்கத்தோடு வந்து நின்றாள்.

"என்னங்க, கூடு கட்டணும். நாள் நெருங்கிருச்சு. குளக்கரையில பெரிய மரம் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். மூணு கிளை சேர்ற எடம், காத்து அடிச்சாலும் அசையாது. இன்னொண்ணு தெரியுமா? இந்த ஊர்ல நம்மள ஏமாத்துற குயிலே கிடையாது! நம்ம கூட்டுல நம்ம பிள்ளைங்க மட்டுந்தான்!"

வெள்ளையப்பனுக்கும் சந்தோஷம் பொங்கியது. ஆனால் அடுத்த நொடியே அவன் கண் கடல் பக்கம் போனது.

"குளக்கரையில கட்டுனா கப்பல் வர்றது எப்படித் தெரியும்? இந்தா நிக்கே கிரேன், இதும் மேல கட்டுவோம். நம்ம ஊர்ப் பக்கத்துக் கப்பல் இந்த மேடைக்குத்தானே வரும்!"

பழைய மேடையில் ஒரு கிரேன் துருப்பிடித்து நின்றது. அவர்களை விட்டுவிட்டுக் கப்பல் போன நாளிலிருந்து அது அசையவே இல்லை. நீண்ட இரும்புக் கை கடலை நோக்கி நீட்டியபடியே இருந்தது.

மார்த்தா அலறிக்கொண்டு வந்தாள்.

"வேண்டாம்! அது வருஷத்துல ரெண்டு தடவை அசையும். உங்க ஊர்ப் பக்கத்துக் கப்பல் வந்தா, சரக்கு இறக்க அதைத்தான் ஓட்டுவாங்க!"

"அசையட்டுமே! அது அசையற அன்னைக்கு நாங்க கப்பல்ல இருப்போம்!"

"முட்டைங்க?"

"கப்பல் வர இன்னும் மாசக்கணக்காகும். அதுக்குள்ள குஞ்சு பொரிச்சுப் பறந்துரும். எல்லாருமா ஊருக்குப் போவோம். எம் பிள்ளைங்க நம்ம ஊர்லதான் வளரணும்!"

பேச்சிக்கு மனமே இல்லை. ஆனால் வயிறு கனத்தது. தனியாகக் கட்ட நாளும் இல்லை, தெம்பும் இல்லை. கிரேன் கையின் நுனியில் கம்பித் துண்டுகளும் குச்சிகளும் சேர்த்து இருவரும் கூடு கட்டினார்கள். வெள்ளையப்பன் அதை ஒழுங்காகப் பின்னக்கூட இல்லை. "போகப்போற எடத்துல எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?" என்றான்.

பேச்சி நான்கு முட்டைகள் இட்டாள். இளநீலத்தில் பழுப்புப் புள்ளி வைத்த முட்டைகள். நாளெல்லாம் அடைகாத்துக்கொண்டு அவற்றோடு பேசினாள். டிராமைப் பற்றிச் சொன்னாள், வாத்துகளைப் பற்றிச் சொன்னாள். வெள்ளையப்பனும் குனிந்து பேசினான். அவன் தூத்துக்குடியைப் பற்றி மட்டுமே சொன்னான்.

பத்தாவது நாள் காலையில் வெள்ளையப்பன் துள்ளிக் குதித்தான்.

"ஏளா பேச்சி! கப்பல்! நம்ம கப்பல்!"

ஆமாம், அதே கப்பல்தான். மாதக்கணக்கில் முன்னதாகவே வந்துவிட்டது. வெங்காய வாசனையும் கருவாட்டு வாசனையும் காற்றோடு வந்தன. மேல்தட்டில் யாரோ தமிழில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இருங்க! எங்க போறீங்க? முட்டைங்க இருக்கு!" என்றாள் பேச்சி.

"ஒரு நிமிஷந்தான்! முகத்தக் காட்டிட்டு வந்திருதேன்!"

அவன் பறந்து போய்க் கப்பலின் கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்து அடித்தொண்டையில் கரைந்தான். சமையல்காரர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"ஏ, இங்க பாருவே! நம்ம ஊர்க் காக்கா!"

"இன்னைக்கு அமாவாசைவே! எங்க அப்பாதான் கடல் தாண்டி என்னப் பார்க்க வந்திருக்காரு!" என்றார் இன்னொருவர். அவர் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் ஒரு தட்டில் சோறும் பருப்பும் போட்டு, நெய் விட்டு, கொண்டுவந்து வைத்தார். கைகூப்பி நின்றார்.

வெள்ளையப்பன் உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனை நாள் ஏக்கம்! அவன் மறுபடியும் ஒரு வீட்டுக்குப் பெரியவன் ஆகிவிட்டான். ஒரு வாய் கொத்தினான். இன்னொரு வாய் கொத்தினான்.

பின்னால் இரும்பு கிறீச்சிட்டது. மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் கிரேனின் கூண்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். கை நுனியில் இருந்த கூடு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"ஐயோ! வாங்க! ஓடி வாங்க!"

பேச்சியின் அலறல் கேட்டு வெள்ளையப்பன் திரும்பினான். இரும்புக் கை கப்பலை நோக்கிச் சுழன்று வந்தது. ஒழுங்காகப் பின்னாத கூடு ஒரு பக்கம் பிரிந்தது. பேச்சி இறக்கையை விரித்து முட்டைகளை அணைத்துக்கொண்டாள். கூட்டோடு சேர்ந்து அவளும் விழுந்தாள். பாதி வழியில்தான் அவள் உடம்பு தன்னையறியாமல் பறந்தது. முட்டைகளுக்குப் பறக்கத் தெரியாது.

வெள்ளையப்பன் வந்து சேர்ந்தபோது சிமெண்டுத் தரையில் நான்கும் உடைந்து கிடந்தன. அவன் அலகில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

காகங்களில் ஒன்று செத்தால் ஊர்க் காகமெல்லாம் கூடி அழும். அது அவர்கள் குல வழக்கம். தூத்துக்குடியாக இருந்தால் வானமே கறுத்திருக்கும். இங்கே பேச்சி கரைந்தாள், வெள்ளையப்பன் கரைந்தான். அழுவதற்கு இருந்தவை அந்த இரண்டு தொண்டைகள்தான்.

கொஞ்ச நேரத்தில் மார்த்தா வந்தாள். அவளோடு இருபது கடற்புறாக்கள் வந்தன. குளத்திலிருந்து வாத்துகள் அத்தனை தூரமும் பறந்து வந்தன. அவர்களுக்குக் காகம் போல அழத் தெரியாது. பேச்சியைச் சுற்றி நின்று அவரவர் குரலில் கத்தினார்கள். மார்த்தாவைத் தவிர அவர்களில் ஒருவர் பெயர்கூட வெள்ளையப்பனுக்குத் தெரியவில்லை. பேச்சிக்கு எல்லோர் பெயரும் தெரிந்திருந்தது.

மறுநாள் மதியம் கப்பல் கிளம்ப ஆயத்தமானது.

"வாளா, போயிருவோம். இந்தப் பாழாய்ப்போன ஊர்ல இனி நமக்கு என்ன இருக்கு?"

பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். அழுது அழுது அவள் கண்கள் வற்றியிருந்தன.

"ஊரு என்னங்க பண்ணிச்சு? ஊரு மரம் குடுத்துச்சு. நீங்கதான் வேண்டாம்னீங்க. நீங்க போங்க. எம் பிள்ளைங்க கிடக்கிற எடத்த விட்டு நான் வரல."

அவள் குளக்கரைப் பக்கம் பறந்து போனாள்.

வெள்ளையப்பன் கப்பலில் ஏறினான். ஆமாம், ஏறினான். சங்கு ஊதியது. கப்பல் நகர்ந்தது. ஆசைப்பட்டது கையில் வந்துவிட்டது, ஆனால் நெஞ்சுக்குள் ஒன்றும் இறங்கவில்லை. கடலைப் பார்க்க முடியாமல் முதல்முறையாக ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான். புகைபோக்கியில் புகை எழுந்தது. டிராம் ஒன்று வளைந்து போனது. பச்சைப் பசேலென்ற ஒரு மரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி தனியாக உட்கார்ந்திருந்தது.

துறைமுக வாசலைக் கப்பல் தாண்டுவதற்குள் அவன் குதித்துப் பறந்து திரும்பினான்.

பேச்சி அவனைப் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவள் மேல் கிளையில் இருந்தாள். அவன் கீழ்க் கிளையில் இருந்தான். வெயில் காலம் போனது, பனிக் காலமும் போனது. அந்த மரத்தில் கூடு எதுவும் எழவில்லை.

அதற்குள் வெள்ளையப்பன் ஊரைக் கற்றுக்கொண்டான். ரொட்டிக்கடையில் தூள் கொட்டினால் மார்த்தாவையும் வாத்துகளையும் கூவி அழைத்துவிட்டுத்தான் கொத்தினான். யாருக்கும் அவன் தாத்தா இல்லை. ஆனாலும் அவன் வராத நாளில், எங்கே அவன் என்று விசாரிக்க நாலு பேர் இருந்தார்கள்.

மறுபடியும் மரங்கள் துளிர்த்தன. ஒரு காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. கூரைகள் எல்லாம் வெயிலில் மின்னின. குளத்தில் வாத்துக் குஞ்சுகள் தாயின் பின்னால் வரிசையாக நீந்தின. வெள்ளையப்பன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தயங்கித் தயங்கி மேலே பார்த்துச் சொன்னான்.

"இந்த ஊரு அழகாத்தான் இருக்கு பேச்சி."

பேச்சி குஞ்சுகளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போன வருஷமும் இப்படியேதாங்க இருந்துச்சு," என்றாள்.

திரும்பிப் போகும் நாளையே எண்ணிக்கொண்டு, இருக்கிற ஊரில் வாழ மறுப்பவர், தம் வாழ்வோடு தம்மை நம்பி வந்தவரின் வாழ்வையும் சேர்த்துத் தொலைத்துவிடுவார்.