தாய்க்கழுதையை விட்ட அறிக்கை

எங்கள் சபைக் கமிட்டித் தலைவர் வக்கீல் ஞானாபரணம். குருத்தோலை ஞாயிறு பவனிக்குக் கழுதை கொண்டுவந்த சலவைக்காரி பாக்கியத்தாயை அவர் கோயில் வாசலிலேயே மறித்தார். அவள் தாயும் குட்டியுமாக இரண்டைப் பிடித்து வந்திருந்தாள்.

"இயேசு ஏறி வந்தது ஒரு கழுதை என்றுதான் மூன்று சுவிசேஷகர்கள் எழுதியிருக்கிறார்கள். மத்தேயு மட்டும் இரண்டு என்கிறார். கோர்ட்டில் அந்தச் சாட்சி நிற்காது. தாயைக் கட்டிப் போடு. மீறினால் கோயில் அங்கிகளை இனி வேறு ஆள் வெளுப்பார்."

"பழகாத குட்டி, தாயில்லாம நடக்காதுய்யா."

"நான் நடத்திக் காட்டுகிறேன்!"

வக்கீல் கயிற்றைப் பிடித்து இழுத்தார். குட்டி நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. பாடகர் குழு ஓசன்னாவை மூன்று தடவை பாடி முடித்தும் பவனி வாசலைத் தாண்டவில்லை. கடைசியில் போதகர் தாயை அவிழ்க்கச் சொன்னார். பாக்கியத்தாய் அதை முன்னால் ஓட்டிப் போக, குட்டி வக்கீலையும் இழுத்துக்கொண்டு பின்னால் ஓடியது.

மறுவாரம் வக்கீல் சபையில் அறிக்கை வாசித்தார்: "பவனியில் கழுதைக்குட்டியைத் தலைவரே நடத்திச் சென்றார்."

பாக்கியத்தாய் எழுந்தாள். "தாய்க்கழுதையை விட்டுட்டீங்களேய்யா. அப்போ இது பொய்யா?"

"பொய் எப்படியாகும்? முக்கியமானதை மட்டும் எழுதினேன்."

"அந்த மூணு பேரும் அப்படித்தான்யா எழுதியிருப்பாங்க. மத்தேயு ஆயத்துறையில வரி வாங்குனவரு. அவரு கண்ணுக்கு ஒரு கழுதை தப்புமா?"

போதகர் பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார். வக்கீல் பேனாவைத் திறந்து, அறிக்கையில் ஒரு கழுதையைச் சேர்த்தார்.