ஹவில்தார் எடுத்த இடுப்பளவு

"உஸ்தாத், நான் தைச்ச பெல்ட் மறுபடியும் திரும்பி வந்துடுச்சு."

பட்டறை வாசலில் விறைப்பாக நின்று இதைச் சொன்னவர் ஹவில்தார் கோதண்டம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, தோல் வேலை கற்றுக்கொள்ள வந்தவர். அவர் மீசைகூட அட்டென்ஷனில்தான் நிற்கும்.

முனவ்வர் உஸ்தாத் நிமிரவில்லை. மரத்தில் செதுக்கிய துப்பாக்கி ஒன்றின் மேல் நனைத்த தோலைப் போர்த்தி, விரலால் நீவிக்கொண்டிருந்தார். தோல் காய்ந்ததும் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். அதுதான் உறை.

உஸ்தாத் ஹவில்தாரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் துப்பாக்கி உறையும் அதைத் தாங்கும் பெல்ட்டும் தைப்பதில் பாலாற்றங்கரையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் தைத்த பெல்ட்டோடு ஒரு போலீஸ்காரர் கிணற்றில் விழுந்தார். பெல்ட்டில் கயிறு மாட்டி இழுத்தார்கள். கிணற்றுச் சுவர் பெயர்ந்து வந்தது. பெல்ட்டில் ஒரு தையல் பிரியவில்லை.

"யாரோட பெல்ட், அண்ணே?"

"இன்ஸ்பெக்டர் தணிகாசலம்."

"என்னவாம்?"

"கல்யாணப் பந்தியில உட்கார்ந்தாராம். கொக்கி தெறிச்சுப் போய் எதிர் இலையில அப்பளத்தை உடைச்சுதாம். துப்பாக்கி உறையோட சாம்பார் வாளியில விழுந்துதாம்."

"உறையை விட்டுத் துப்பாக்கி வெளிய வந்துதா?"

"வரலை."

"அப்போ உறை நல்லாத்தான் இருக்கு."

ஹவில்தார் சிரிக்கவில்லை.

"கிண்டல் பண்ணாதீங்க உஸ்தாத். கெட்டியான முதுகுத் தோலாப் பார்த்து எடுத்தேன். நெருக்கமா தைச்சேன். அளவுல ஒரு நூல்கூட பிசகலை. பின்ன ஏன் திரும்பி வருது? உங்களுக்குத் தைச்ச பெல்ட்டும் ஆணியிலதான் தொங்குது."

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சீடன் தைத்த பெல்ட்டை உஸ்தாத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்க வேலை செய்ய வேண்டும். அதன் பிறகுதான் சீடன் தன் முத்திரையைத் தோலில் குத்தலாம். அதுவரை அவன் தைப்பதெல்லாம் பேரில்லாத தோல்.

ஹவில்தாரின் முத்திரை ஒரு சின்ன மயில். செய்து வாங்கி வெகு நாளாயிற்று. இன்னும் துணியில் சுற்றித்தான் கிடந்தது.

"பட்டாளத்துல போட்ட பெல்ட் என் இடுப்பை அறுத்த தழும்பு இன்னும் இருக்கு" என்றார் ஹவில்தார். "இன்னொருத்தன் இடுப்பை அறுக்காத பெல்ட் ஒண்ணாவது தைக்கணும்னுதான் உங்ககிட்ட வந்தேன். இனி ஒண்ணு திரும்பி வந்தாலும் ஊருக்குப் போயிடறேன். எனக்கு வராத தொழில்னு விட்டுடறேன்."

உஸ்தாத் கையைத் துடைத்தார்.

"இன்ஸ்பெக்டரை வரச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்கு முன்னால் அவர் தொப்பை வந்தது.

"என்ன பாய், உங்க ஹவில்தார் என் மானத்தை சாம்பார்ல போட்டுட்டாரே!"

"மன்னிச்சுக்குங்க சார். மறுபடி அளந்துடறேன்" என்று ஹவில்தார் டேப்பை எடுத்தார்.

டேப்பைக் கண்டதும் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். மார்பு முன்னால் வந்தது. தொப்பை எங்கே போனதென்று தெரியவில்லை. முதுகுப் பக்கம் போய் ஒளிந்திருக்கலாம். எதிரே ஹவில்தாரும் விறைத்து நின்றார். பார்க்கிறவர்கள் கொடியேற்றம் என்று நினைத்திருப்பார்கள்.

"டேப்பை வைங்க அண்ணே" என்றார் உஸ்தாத். "சார், உட்காருங்க. பரோட்டாவும் சுக்காவும் வந்திருக்கு."

"எனக்கு நேரமில்லை பாய்."

"சூடா இருக்கு சார்."

இன்ஸ்பெக்டருக்கு நேரம் கிடைத்துவிட்டது.

அவர் சாப்பிட, உஸ்தாத் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்.

"எங்க தாத்தா ஒரு ஜமீன்தாருக்கு ஆட்டுத் தோல்ல உறை தைச்சாரு சார். அதைக் கட்டிக்கிட்டு அவர் புலி வேட்டைக்குப் போனாரு. புலி எதிர்ல வந்து நின்னுச்சு. ஜமீன்தாருக்குக் கை ஓடலை. உறை இருக்கே, அது 'மே'ன்னு கத்திடுச்சு."

"ஐயையோ! புலி பாய்ஞ்சுதா?"

"ஓடிப் போச்சு சார். எதிர்ல நின்னு கத்துற ஆட்டை அது அன்னைக்குத்தான் பார்க்குது."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். புரை ஏறச் சிரித்தார். ஒளிந்திருந்த தொப்பை திரும்பி வந்து, சொந்த வீட்டில் உட்காருவதுபோல மடியில் உட்கார்ந்தது. அந்த நேரம் உஸ்தாத்தின் கை ஒரு நூலோடு அவர் இடுப்பைச் சுற்றி வந்தது. ஒரு முடிச்சுப் போட்டது. திரும்பிப் போனது.

கை கழுவிவிட்டு இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"சரி, அளவு எடுங்க பாய்."

"எடுத்தாச்சு சார்."

அவர் போன பிறகு உஸ்தாத் நூலை மேஜையில் நீட்டி வைத்தார். அதன் பக்கத்தில் ஹவில்தார் தன் பழைய அளவுக்கு டேப்பை நீட்டினார். நூல் டேப்பைவிட ஒரு சாண் கூடுதலாக இருந்தது.

ஹவில்தார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது மோசடி உஸ்தாத்."

"ரெண்டுல எது, அண்ணே?"

ஹவில்தார் நூலை எடுத்துக்கொண்டு தோல் வெட்டப் போனார்.

அந்த பெல்ட் திரும்பி வரவில்லை. இன்ஸ்பெக்டர் அதைக் கட்டிக்கொண்டு அந்த வைகாசியில் ஒரு பந்தியையும் விடவில்லை என்று கேள்வி. ஓர் ஊரில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு, எழுந்திருக்கச் சொன்னார்களாம்.

ஹவில்தார் மறுபடி உஸ்தாத் முன்னால் வந்து நின்றார். கையில் டேப் இருந்தது.

"உங்களுக்குப் புதுசா ஒண்ணு தைக்கறேன் உஸ்தாத். இதையும் நீங்க கட்டலைன்னா நான் கிளம்பறேன்."

"அளந்துக்குங்க."

உஸ்தாத் எழுந்தார். இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

ஹவில்தார் குனிந்தார். டேப்பைச் சுற்றப் போனவர் அப்படியே நின்றார்.

உஸ்தாத்தின் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் சுக்கா வாங்கிக் கொடுக்கும் மனிதர். கூட உட்கார்ந்து சாப்பிடாமலா இருந்திருப்பார்?

"சீக்கிரம், அண்ணே" என்றார் உஸ்தாத். குரல் ஊசித் துளை வழியாக வருவதுபோல வந்தது.

ஹவில்தார் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார். விறைப்பாக நின்ற தோள் இரண்டும் இறங்கின. பலகையில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினார்.

"பனிமலையில ஒரு தடவை, உஸ்தாத், எங்க கேப்டனோட மீசை உறைஞ்சு போச்சு."

"ம்."

"கத்தி மாதிரி ஆயிடுச்சு."

"ம்."

"அதுலதான் அன்னைக்குப் பட்டாளத்துக்கே வெங்காயம் நறுக்கினோம். பாவம், கேப்டன்தான் அழுதுகிட்டே இருந்தாரு."

உஸ்தாத் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

ஹவில்தார் நூலை எடுத்தார்.