வாசலில் மறுத்த மெயில்

மலைமேல் இருந்த அந்த ஆசிரமத்தில், குடியை விட நினைப்பவர்களுக்கு இடம் கொடுப்பார்கள். மெயில் எழுதித்தான் கேட்க வேண்டும். அந்த மெயில்களை வாங்கும் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் மாசிலாமணி. வங்கி வேலையை உதறிவிட்டு, தன்னைவிட இளையவரான சுடர்க்கொடி அம்மாவிடம் சீடராக வந்தவர்.

லாட்டரி, கடன், மருந்து என்று குப்பை மெயில்கள் கொட்டின.

"அம்மா, இதையெல்லாம் சர்வர்லயே தடுத்துடலாம். இல்லேன்னா எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு, அப்புறமா குப்பையைப் பிரிச்சு ஸ்பேம் பெட்டில ஒதுக்கலாம். எது சரி?"

"உங்க மனசுக்கு எது ஒத்து வருது?"

"வந்ததை வாசல்ல மறிக்கிறது கல்மனசா படுது."

"சரி, வாங்கிக்குங்க."

வாங்கிக்கொண்டார்.

மழை தொடங்கிய சமயம் ஜெபராஜ் என்பவர் நனைந்தபடி மலையேறி வந்தார்.

"என் தம்பிக்காக எழுதியிருந்தேன் சார். உங்க பதிலுக்காகக் காத்திருந்து வேற எங்கயும் சேர்க்கலை. இப்ப வீட்டை விட்டே போயிட்டான்."

மாசிலாமணி ஓடிப்போய்த் தேடினார். அந்த மெயில் ஸ்பேமில், லாட்டரிப் பரிசுகளுக்கு நடுவே கிடந்தது.

அன்றே மாற்றினார். இனி சந்தேகமான மெயிலை சர்வரே மறுத்துவிடும்; ஏற்கவில்லை என்ற தகவல் எழுதியவருக்குப் போய்விடும்.

சில நாளில் ஒரு பெண் போனில் கத்தினாள். "என் புருஷனுக்காகக் கெஞ்சி எழுதுறேன், திருப்பி அனுப்புறீங்களே! நீங்கள்லாம் மனுஷங்களா?"

அவள் போன் செய்ததால், சாயங்காலமே அவள் கணவனுக்கு ஆசிரமத்தில் இடம் கிடைத்தது.

மாசிலாமணி யோசித்தார். ஏற்றுக்கொண்டது தொலைந்துபோனது. மறுத்தது வந்து சேர்ந்துவிட்டது. எது இரக்கம், எது கல்மனசு? குழப்பத்தோடு அம்மாவிடம் போனார்.

"உட்காருங்க, வந்துடறேன்" என்று எழுந்து போன அம்மா வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது. வெயில் சுவரில் ஏறியது. மறந்துவிட்டாரோ? இல்லை, பதிலைத்தான் யோசிக்கிறாரோ? எழுந்திருக்கவும் மனம் வரவில்லை.

பொழுது சாயும்போது அம்மா வந்தார்.

"சாப்பிடலையா?"

"நீங்க வருவீங்கன்னு இருந்தேன்."

"'இப்ப முடியாது, போங்க'ன்னு நான் சொல்லியிருந்தா?"

"கோபம் வந்திருக்கும். எழுந்து போயிருப்பேன். அப்படின்னா, வாசல்லயே மறுக்கிறதுதான் சரியாம்மா?"

அம்மா வேறொன்றைக் கேட்டார்.

"ஜெபராஜ்கிட்ட என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"தம்பியைத் தேடித்தர முடியுமான்னு கேட்டார். நம்மால என்ன ஆகும்? முடியாதுன்னு சொல்ல வாய் வரலை. 'பார்க்கிறோம்'னு சொன்னேன்."

"பார்த்தீங்களா?"

"இல்லம்மா."

"அவர் இன்னும் உட்கார்ந்துதான் இருப்பார்" என்றார் அம்மா.