கடைசி வரை ஓடிய டெமோ

வடபழனியில் விளம்பரங்களுக்குக் குரல் பதியும் ஸ்டுடியோ நடத்தும் தாமோதரனுக்கு ஒரு பெருமை உண்டு. வாய்ப்புத் தேடி வருகிறவர்கள் தங்கள் குரலைப் பதிந்து கொண்டுவரும் டெமோ எதையும் அவர் பத்து நொடிக்கு மேல் கேட்டதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து வந்த செவ்வந்தியிடமும் அதையே சொன்னார்.

“என்னை முழுசா கேக்க வச்சுடு, நாளைக்கே மைக் முன்னாடி நிக்கலாம். இல்லேன்னா ஊருக்கு பஸ் ஏறிடும்மா.”

ஊரில் நூல் மில் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. அதற்குப் போக அவளுக்கு மனமில்லை. விடுதி அலமாரிக்குள் வெளிச்சத்தம் வராதபடி போர்வைகளைத் தொங்கவிட்டு, இரண்டு நிமிட டெமோ பதிந்து கொண்டுவந்தாள். ஒலிப்பதிவாளர் இக்பால் அதை ஓடவிட்டார்.

“தாமோதரன் சாரைப் பற்றி வடபழனி முழுக்க ஒரு பேச்சு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.”

நிறுத்தப்போன தாமோதரனின் விரல் அப்படியே நின்றது. அவள் ஒருத்தி குரலிலேயே நல்லெண்ணெய் விளம்பரம் வந்தது, செய்தி வந்தது, கார்ட்டூன் அணில் வந்தது, பல் போன கிழவி வந்தாள். அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். டெமோவின் முடிவில் அவள் சொந்தக் குரல் திரும்பி வந்தது.

“சார் எந்த டெமோவையும் பத்து நொடிக்கு மேல் கேட்க மாட்டார் என்பதுதான் அந்தப் பேச்சு. இனி யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.”

இக்பால் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தாமோதரன் தொண்டையைச் செருமினார்.

“அந்தக் கிழவியை இன்னொரு தடவை போடு, இக்பால்.”

“போடட்டும் சார்,” என்றாள் செவ்வந்தி. “நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?”