தூற்றிய மேடு

"அம்மா, எங்க ஊர் காத்தாடி சுத்த மாட்டேங்குது."

செருப்பைக்கூடக் கழற்றாமல் மடத்து வாசலிலேயே நின்று சொன்னார் மாசானமுத்து. ஊர்ச் சங்கத்துத் தலைவர்.

மடத்தை நடத்தும் ஆவுடையம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் கணவாய்ப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அவள்தான் அம்மா. முற்றத்தில் உட்கார்ந்து உளுந்து நெற்றைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனிக்காரன் காத்தாடி மலையெல்லாம் சுத்துது. வீட்டுக்கு வீடு பங்கு போட்டு, கரண்டு எடுக்க நாங்க வெச்சது ஒண்ணே ஒண்ணு. அது கொடிமரம் கணக்கா நிக்குது."

"எங்க வெச்சீங்க?"

"ஊர் நடுவுல. எல்லா வீட்டுக்கும் சம தூரம். ஒருத்தன் ஒரு சொல்லு சொல்ல முடியாது."

"காத்து சொல்லுதே."

மாசானமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. காத்தாடியைச் சுற்றி மாடி வீடுகள், போதாததற்கு இரண்டு புளியமரம்.

"வேற இடமே இல்லையா?"

"பொன்னையா மேடு இருக்கு. அங்க போனா இடுப்புல வேட்டி நிக்காது. அவனும் தாரேங்கான். அவன் நிலத்துல வெச்சா நாளைக்கு என்னுதும்பான்னு ஊர்ல பேச்சு. எனக்கும் அந்தப் பயம் உண்டு."

"சரி."

"கரண்டு ஆபீசுக்கு நாயா அலைஞ்சு இணைப்பு வாங்கிட்டேன். இவங்களைத்தான் ஒரு வழிக்குக் கொண்டுவர முடியல. சாயங்காலம் கூட்டம். கம்பெனிக்கே கொடுத்துத் தொலைப்போம்னு முடிவாயிரும்."

ஆவுடையம்மாள் கசக்கிய உளுந்தோடு சுளகை அவர் பக்கம் தள்ளினாள்.

"இதைத் தூத்திக் கொடுங்க தலைவரே. மதியச் சமையலுக்கு வேணும்."

ஊர்ச் சொத்து கைவிட்டுப் போகுது, இவளுக்கு உளுந்து பெரிசாப் போச்சு. என்று உள்ளுக்குள் முனகிக்கொண்டார்.

சாக்கை விரித்தார். சுளகைத் தலைக்கு மேலே தூக்கிச் சரித்தார்.

சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேலே மதில். உளுந்தும் நெற்றுத் தொலியும் ஒன்றாகவே விழுந்தன.

அள்ளி, மறுபடி சரித்தார். இந்தத் தடவை பாதித் தொலி மீசையில்.

ஆவுடையம்மாள் அடுத்த நெற்றைக் கசக்கினாள்.

"இங்க நின்னா விடிஞ்சிரும்," என்றார் மாசானமுத்து. எல்லாவற்றையும் சாக்கில் வாரிக்கட்டிக்கொண்டு, சுளகோடு பின்வாசல் வழியே மேட்டில் ஏறினார்.

கணவாய்க் காற்று ஆளைத் தள்ளியது. சுளகைச் சாய்த்ததுதான் தாமதம், தொலி பறந்தது. காலடியில் உளுந்து கறுகறுவென்று குவிந்தது.

பின்னாலேயே வந்து நின்றாள் அவள்.

"இது யாரு மேடு, தெரியுமா?"

"யாருதா இருந்தா என்னம்மா? காத்து இங்கதான இருக்கு. மேடு வேற ஒருத்தருதுன்னா உளுந்தும் அவருதாயிருமா? உளுந்து மட..."

வாய் அப்படியே நின்றது.

தொலி பறந்த திசையையே பார்த்தார். கீழே ஊர் தெரிந்தது. ஊருக்கு மேற்கே பொன்னையா மேடு, மொட்டையாக.

வேட்டியை மடித்துக் கட்டினார். கக்கத்தில் இடுக்கிய சுளகோடு விறுவிறுவென்று இறங்கினார்.

"தலைவரே."

திரும்பினார்.

"பொன்னையாவைப் பாருங்க, வேண்டாங்கல. சுளகு மடத்தோடது."