மைனாவின் பொழுது

வைரவன் மடத்துக்கு வருமுன் நெல் குடோனில் காவல்காரன். அந்த வேலையை அவன் விட்டாலும் சந்தேகம் அவனை விடவில்லை. நாற்பது வயதில் சீடனாகச் சேர்ந்தவன், குரு கொடுத்த விபூதியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசிக்கொள்வான்.

அவன் ஒரு மைனா வளர்த்தான். தினமும் விடியற்காலையில் கூண்டின் முன் உட்கார்ந்து, "வாங்க, சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொடுத்தான். அதுவும் அழகாகச் சொல்லிற்று. குருபூசை அன்று சாயங்காலம், பந்திக்கு வந்த கூட்டத்தின் முன் கூண்டைப் பெருமையோடு வைத்தான். மைனா வாயே திறக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். வைரவனுக்கு அவமானம் தாங்கவில்லை.

நேரே குருவிடம் போனான்.

"சாமி, செல்லையா இதுக்கு ஏதோ மருந்து வச்சுட்டான். அவனை மடத்தைவிட்டு அனுப்புங்க."

செல்லையா இன்னொரு சீடன். மடத்துக்கு விறகு வெட்டுபவன்.

"நீ பார்த்தியா?"

"பார்க்கணுமா சாமி? ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பக்கத்துலதான் உட்காருறான். ஒரு வார்த்தை பேச மாட்டான். மனசுக்குள்ள என்னமோ வச்சிருக்கான்."

"சரி. நாளைச் சாயங்காலம் வரைக்கும் கூண்டை யார்கிட்டயும் விடாதே. இரையும் நீயே கொடு. அப்புறமும் அவனை அனுப்பணும்னு சொன்னா அனுப்பிடலாம்."

வைரவன் கூண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டே தூங்கினான். விடிந்ததும் மைனா, "வாங்க, சாப்பிடுங்க" என்றது. மருந்து இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

பொழுது சாய்ந்தது. கெஞ்சினான், பழத்தைக் காட்டினான், அதட்டினான். மைனா கழுத்தைச் சாய்த்து அவனைப் பார்த்ததே தவிர, ஒரு சொல் வரவில்லை. செல்லையாவோ விறகுக்குப் போனவன் இன்னும் திரும்பவே இல்லை.

வைரவன் கூண்டோடு குருவின் முன் வந்து நின்றான்.

"யாரும் கிட்டவே வரலை சாமி. காலையில சொன்னது சாயங்காலத்துக்குள்ள எப்படி மறக்கும்?"

"மறக்கலை. விடியற நேரத்துல கத்துக்கிட்டது. அந்த நேரம் வந்தாத்தான் அதுக்கு ஞாபகம் வரும். நீ வேற நேரத்துல கேட்டா அது என்ன பண்ணும்?"

வைரவன் கூண்டைக் குனிந்து பார்த்தான்.

"மைனா சரி. செல்லையா ஏன் பேச மாட்டேங்கிறான்?"

"அவனை நீ எப்பப் பார்க்கிறே?"

"ராத்திரிச் சாப்பாட்டுலதான். காலையில நான் மைனாகிட்ட உட்கார்ந்துடுறேனே."

குரு கூண்டை வாங்கிக் கீழே வைத்தார்.

"தினமும் விடியற்காலையில கோடாலியோட உன் முதுகுக்குப் பின்னால நின்னு கேட்பான். 'இன்னிக்கு நல்லாச் சொல்லுது சாமி'ன்னு என்கிட்ட வந்து சந்தோஷமாச் சொல்லிட்டுத்தான் காட்டுக்குப் போவான். நீ ஒரு நாளும் திரும்பிப் பார்க்கலையே, வைரவா."